நானோ துகளால் சூடு வைத்தால் புற்றுநோய் செல் எப்படிச் சாகிறது?

தாராவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பாவுக்கு நீண்ட நாள் புகையிலைப் பழக்கம், இடது கன்னத்தின் உட்புறத்தில் புற்று. பரேலில் டாடா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, முதலில் ஆபரேஷன், அப்புறம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. நானோ துகளை உடம்பில் ஏற்றி வெளியிலிருந்து சூடு கொடுத்தால் கத்தியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், புற்று மட்டும் செத்துப்போகும், பக்க விளைவே கிடையாது என்கிறதாம். இது உண்மையா, உண்மையென்றால் எப்படி வேலை செய்கிறது, ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு இதைப் பார்க்கலாமா என்று மூன்று கேள்விகள்.

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தள்ளிப்போடாதீர்கள், தம்பி. வாய்ப் புற்று காத்திருக்கிற ஜாதி இல்லை. ஆபரேஷன் தேதி கிடைத்திருப்பதே பெரிய விஷயம், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் இந்த நீளமான பதில். நான் டாக்டர் இல்லை. இயற்பியல் படித்து, இதே மும்பையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் காந்தத் துகள்களோடு பல வருடம் மல்லுக்கட்டிவிட்டு இப்போது செம்பூரில் ஓய்வாக இருப்பவன். அதனால் துகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூடு புற்றைக் கொல்லும் என்பது உண்மைதான், பழைய விஷயமும்கூட. 1890களில் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், வேண்டுமென்றே கிருமியை ஊசியில் ஏற்றி நோயாளிக்குக் கடும் காய்ச்சல் வரவழைத்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. அதில் எவ்வளவு காய்ச்சலின் வேலை, எவ்வளவு உடம்பின் எதிர்ப்புச் சக்தியின் வேலை என்பது வேறு கதை. ஆனால் சூட்டுக்கும் கட்டிக்கும் ஏதோ கணக்கு இருக்கிறது என்ற எண்ணம் அதற்கப்புறம் போகவே இல்லை.

நம் உடம்பின் சாதாரணச் சூடு 37 டிகிரி செல்சியஸ். 104 டிகிரி காய்ச்சல் என்று பதறுகிறோமே, அது ஃபாரன்ஹீட்டில், செல்சியஸில் 40. சிகிச்சைக்கு வேண்டியது இதற்குச் சற்று மேலே, 41லிருந்து 45, 46 வரை. இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் எல்லாம் நடக்கிறது. 43 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் என்ன சேதம் ஆகுமோ, 44ல் அரை மணி நேரத்திலேயே ஆகிவிடும், 45ல் கால் மணி போதும். கீழே இறங்கினால் நிலைமை தலைகீழ்: 42 டிகிரி என்றால் நாலு மணி நேரம் வைக்க வேண்டும். 1984ல் வகுத்த இந்தக் கணக்கைத்தான் இன்றைக்கும் சூட்டு மருத்துவத்தில் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு டிகிரி ஏறினால் நேரம் பாதியாகிறது என்றால், ஒரு டிகிரி தப்பாக அளந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது? செல்லின் எல்லா வேலைகளையும் செய்வது புரதங்கள். ஒவ்வொரு புரதமும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூடு ஏறினால் மடிப்பு அவிழ்கிறது, அவிழ்ந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகின்றன. பால் திரிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான். செல்லும் சும்மா இருக்காது. வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று ஒரு கூட்டத்தை வேலைக்கு இறக்கும். அவிழ்ந்ததைத் திரும்ப மடித்துவைப்பது அவற்றின் வேலை. சூடு மிதமாக இருந்தால் சமாளித்துவிடும். கூடுதலானால் மடிக்கிறவனையும் மீறிச் சேதம் குவியும். அப்போது செல் தானே தன்னை முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்குகிறது. ஒழுங்காக, துண்டு துண்டாகத் தன்னைக் கழற்றி வைத்துவிட்டுச் சாகும். 50 டிகிரிக்கு மேல் போனால் இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது, வெந்துபோய்விடும், அவ்வளவுதான்.

சரி, நல்ல செல்லுக்கும் இதே புரதம்தானே, அது ஏன் சாகவில்லை? வீடியோக்காரர்கள் பேசாமல் தாண்டிப் போகிற இடம் இது. கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தால் புற்றுச் செல்லுக்கும் நல்ல செல்லுக்கும் சூட்டைத் தாங்குவதில் அப்படியொன்றும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பெரும்பாலும் அது வாழ்கிற இடத்தில் இருக்கிறது.

பாலுக்கே திரும்ப வருவோம். காலையில் வாங்கிய பாலை அடுப்பில் வைத்தால் பொங்கும், திரியாது. நேற்று வெளியே வைத்து மறந்துபோன பாலை வையுங்கள், சூடு ஏறுவதற்குள் திரிந்துவிடும், ஏனென்றால் அது ஏற்கெனவே புளித்துக் கிடக்கிறது. கட்டியின் உட்புறமும் அப்படித்தான். அங்கே பிராணவாயு போதாது, சர்க்கரையை அரைகுறையாக எரித்து அமிலத்தை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும் செல்கள். புளித்த சூழலில், பட்டினியில் கிடக்கிற செல்லுக்கு 43 டிகிரி தாங்க முடியாத சூடு. பக்கத்தில் நல்ல ரத்த ஓட்டத்தில் இருக்கிற செல் அதே சூட்டைச் சமாளித்துவிடும்.

ரத்த ஓட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் உடம்பில் சூட்டை அள்ளிக்கொண்டு போவது ரத்தம்தான். தோலில் சூடு பட்டதும் அந்த இடம் சிவக்கிறதே, குழாய்கள் விரிந்து சூட்டைக் கடத்துகின்றன என்று அர்த்தம். கட்டிக்குள் ரத்தக் குழாய்கள் அவசரத்தில் போட்டவை: வளைந்தும் கசிந்தும் சில இடத்தில் முட்டுச் சந்தாகவும் இருக்கும், விரியத் தெரியாது. ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்பதைப் போல, உள்ளே வந்த சூடு வடிய வழியில்லாமல் நிற்கும். மழை விட்டும் நிற்கும்.

இதெல்லாம் சேர்ந்துதான் சூட்டைக் கரண்டுக்கு நல்ல கூட்டாளி ஆக்குகிறது. கதிர்வீச்சு வேலை செய்யப் பிராணவாயு வேண்டும்; கட்டியின் நடுவில் அது இல்லாததால் அங்கேயிருக்கும் செல்கள் கரண்டுக்குத் தப்பிவிடும். அதே நடுச் செல்கள்தான் சூட்டுக்கு முதலில் சாகின்றன. இன்னொன்று, கரண்டில் அடிபட்ட செல் தன் டி.என்.ஏ. முறிவுகளை ஒட்டுப்போட்டுப் பிழைக்கப் பார்க்கும். சூடு அந்த ஒட்டுப்போடும் புரதங்களையே கெடுத்துவிடுகிறது. இதற்கு ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது. நானாவதி ஆஸ்பத்திரியில் தலை, கழுத்துப் புற்று உள்ள ஐம்பது சொச்சம் பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 2010ல் வெளியிட்டார்கள். கரண்ட் மட்டும் வைத்தவர்களில் சுமார் 42 சதவீதம் பேருக்குக் கட்டி முழுக்க மறைந்தது. கரண்டோடு சூடும் கொடுத்தவர்களில் சுமார் 79 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் கவனிக்க வேண்டியது. இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே சூடு தனியாக வேலை செய்யவில்லை, கரண்டோடு சேர்ந்துதான் செய்தது. அந்தச் சூடும் வெளியிலிருந்து ரேடியோ அலைக் கருவியால் வந்தது, நானோ துகளால் இல்லை.

அப்படியானால் நானோ துகள் எதற்கு? வெளியிலிருந்து அலையை அனுப்பினால் தோல், கொழுப்பு, தசை எல்லாம் சேர்ந்து சூடாகும். அடுப்பையே கட்டிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால்? அதுதான் யோசனை. அடுப்பு அவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு விதமான அடுப்பு இருக்கிறது: ஒன்று இரும்பு, ஒன்று தங்கம்.

இரும்பு எனக்குப் பழக்கமானது. இரும்பு ஆக்சைடு, அதாவது காந்தக் கல்லின் அதே பொருள், 10லிருந்து 20 நானோமீட்டர் அளவுத் துகளாக. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். இதை ஆரம்பித்துவைத்தது 1957ல் கில்கிரிஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும். நிணநீர் முடிச்சுகளில் துகளைச் செலுத்தி வெளியிலிருந்து காந்தப்புலத்தால் சூடாக்கிப் பார்த்தார்கள். பலர் இதை வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு மாதிரி என்று விளக்குவார்கள். பாதிதான் சரி. வெளியே ஒரு செம்புச் சுருள், அதில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம், அதனால் திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், இதுவரை ஒன்றுதான். ஆனால் தோசைக்கல் சூடாவது அதற்குள் சுழல் மின்னோட்டம் ஓடுவதால். நானோ துகள் அதற்கு மிக மிகச் சின்னது, அதில் சுழல ஒன்றும் இடமில்லை. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தம். புலம் நொடிக்கு ஒரு லட்சம் தடவை முன்னும் பின்னும் ஆட, குட்டிக் காந்தமும் கூடவே திரும்பப் பார்க்கிறது. துகள் அசையாமல் இருந்தபடி உள்ளே இருக்கும் காந்தத் திசை மட்டும் புரளலாம். அல்லது துகளே உருண்டு பக்கத்துத் திரவத்தோடு உரசலாம். எப்படியானாலும் புலத்துக்குச் சற்றுப் பின்தங்கியே போகும், அந்தப் பின்தங்கலில்தான் சூடு பிறக்கிறது.

இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் ஆராய்ச்சி வாழ்க்கையில் பாதிப் பெருமூச்சு. தண்ணீரில் துகளைக் கலந்து சுருளுக்குள் வைத்தால் கொஞ்ச நேரத்தில் சூடு ஜம்மென்று ஏறும். அதே துகளை அகர் கட்டியில், அதாவது கடல்பாசி அல்வா மாதிரி ஒன்றில், உறைய வைத்து வைப்போம். மனிதத் திசுவுக்கு அதுதான் எங்கள் மாற்று. ஏறாது. ஏறும், ஆனால் மூச்சுவாங்கிக்கொண்டு ஏறும். துகள் உருள இடமில்லாமல் சிக்கிக்கொண்டதுதான் காரணம். தண்ணீரில் எடுத்த வரைபடத்தைக் காட்டி ‘அடுத்து மனிதர்கள்தான்’ என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

அளப்பது அதைவிடத் தலைவலி. ஒருநாள் கண்ணாடி இழை தெர்மாமீட்டர் பழுதாகிவிட, அவசரத்துக்குச் சாதாரண உலோகக் கம்பி தெர்மோகப்பிளைச் செருகினோம். அருமையாக 44, 45 என்று ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம். துகளே போடாத வெறும் அகர் கட்டியை ஒப்பீட்டுக்காக வைத்தோம், அதுவும் ஏறியது! காந்தப்புலத்தில் கம்பியே சூடாகித் தன் சூட்டைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு வாரக் கணக்கு குப்பைக்குப் போனது. இன்னொரு நாள் கல்யாண மோதிரத்தோடு சுருள் பக்கம் கையைக் கொண்டுபோன மாணவர் ‘ஐயோ’ என்று உதறினார். அதிலிருந்து சுவிட்ச் போர்டு பக்கத்தில் மோதிரம் போட ஓர் எவர்சில்வர் கிண்ணம் வைத்தோம்.

அந்த மோதிரக் கதை உங்கள் பெரியப்பாவுக்கும் பொருந்தும். ஜெர்மனியில் மூளைக் கட்டிக்கு இந்த இரும்புத் துகள் சிகிச்சையைச் செய்தபோது, நோயாளிகளின் வாயிலிருந்த உலோகப் பல் அடைப்பு, பல் தொப்பி எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட்டார்கள். மூளைக்கே அப்படியென்றால் கன்னத்துக்கு எப்படி?

அந்த ஜெர்மன் சிகிச்சைதான் இத்துறையில் மனிதர்களிடம் அதிக தூரம் போனது. ஒரு மில்லி திரவத்தில் 100 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கும் கரும்பழுப்புக் குழம்பை, மண்டையோட்டில் துளையிட்டு ஊசியால் நேரே கட்டிக்குள் இறக்கினார்கள். கத்தியே வேண்டாம் என்பவர்கள் கவனிக்கவும். அப்புறம் வாரம் இரண்டு முறையாக ஆறு தடவை, தலா ஒரு மணி நேரம் காந்தப்புலம். கூடவே கரண்ட். கட்டி திரும்ப வந்திருந்த 59 பேரின் முடிவுகளை 2011ல் வெளியிட்டார்கள். மறுபடி வந்தது தெரிந்ததிலிருந்து அவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 13.4 மாதம், அதாவது பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்தார்கள், பாதிப் பேர் குறைவாக. அந்த நோய்க்கு அது ஆறுதலான எண்தான். ஆனால் சூடு கொடுக்காத ஒரு பிரிவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை, அதனால் எவ்வளவு பங்கு சூட்டினால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரும்பு தலைக்குள்ளேயே தங்கிவிடுவதால் அந்த இடத்தில் அதற்கப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தால் படம் தெளிவாக வராது. இது சின்னத் தொந்தரவு இல்லை. கட்டி திரும்ப வருகிறதா என்று பார்க்கும் கண்ணையே கட்டிவிடுகிறது.

ஏன் வாரம் இரண்டே முறை? முன்பு சொன்ன மடிக்கிற புரதங்கள்தான் காரணம். ஒருமுறை சூடு கண்டு பிழைத்த செல்லில் அவை நிறைய ஊறிவிடும். இரண்டு மூன்று நாளைக்கு அந்தச் செல்லுக்குச் சூடு உறைக்காது. அது வடியும்வரை காத்திருக்க வேண்டும்.

தங்கத்துக்கு வருவோம். தங்கத்தை நானோ அளவுக்கு நுணுக்கினால் அது மஞ்சளாக இருக்காது, ஒயின் நிறச் சிவப்பாகிவிடும். அதிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒரு குறிப்பிட்ட நிற ஒளிக்கு மட்டும் சேர்ந்தாடி அந்த ஒளியை விழுங்கிச் சூடாக மாற்றுகின்றன. துகளின் வடிவத்தை மாற்றினால் எந்த நிறத்தை விழுங்க வேண்டும் என்பதையும் மாற்றலாம். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் குழுவினர் சிலிக்கா உருண்டைமேல் மெல்லிய தங்க ஓடு போட்டு, அண்மை அகச்சிவப்பு ஒளியை, அதாவது சிவப்பை அடுத்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை, விழுங்கும் துகளைச் செய்து 2003ல் எலிகளில் காட்டினார்கள். ஏன் அந்த ஒளி? இருட்டில் செல்போன் டார்ச்சை விரலுக்கு அடியில் வைத்துப் பாருங்கள், விரல் சிவப்பாக ஒளிரும். நீலமும் பச்சையும் உள்ளேயே தீர்ந்துவிடும், சிவப்புதான் கடந்து வரும். அகச்சிவப்பின் ஆரம்பப் பகுதி இன்னும் நன்றாகக் கடக்கும். ஆனால் விரலில் ஒளிர்வது தொடையில் ஒளிராது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போனதுமே பெரும்பகுதி மங்கிவிடும். புராஸ்டேட் புற்றுள்ள 16 பேரிடம் இந்தத் தங்க ஓடுகளைச் சோதித்து 2019ல் எழுதினார்கள். அங்கேயும் லேசர் இழையை ஊசி வழியாகக் கட்டிக்குள்ளேயே கொண்டுபோய்த்தான் ஒளியைக் கொடுத்தார்கள்.

கன்னப் புற்று மேலாக இருப்பதால் தங்கம் அதற்குத் தோதாகத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஆனால் கழுத்து முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்று அறுத்துப் பார்த்தால்தானே தெரியும்? பெரிய ரத்தக் குழாய் ஓடும் கழுத்தில் சூடு நிற்கவும் செய்யாது, ஆற்றில் வெந்நீர் ஊற்றின கதைதான்.

இப்போது ‘ஊசியில் ஏற்றினால் துகள் தானே தேடிப் போய்க் கட்டியில் உட்காரும்’ என்கிறார்களே, அதைச் சொல்லியாக வேண்டும். கட்டியின் குழாய்கள் கசிவதால் துகள்கள் அங்கே கொஞ்சம் தங்கும் என்பது உண்மை, 1986லிருந்தே பேசப்படுகிறது. ஆனால் ரத்தத்தில் ஏற்றிய துகளில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றின் தொழிலே அதுதான். 2016ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் பத்து வருட ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள், பெரும்பாலும் எலி ஆய்வுகள்: கட்டியில் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம். நூறு துகளில் ஒன்றுகூட இல்லை. ஒரு செல்லுக்குள் ஒன்றிரண்டு துகள் போய் அதை மட்டும் தனியாகச் சுட்டுவிடும் என்பதும் நடக்காது. அவ்வளவு சின்னதில் பிறக்கும் சூடு உடனே பக்கத்தில் பரவிவிடும். நிறையத் துகள் ஒரே இடத்தில் குவிந்து அந்தப் பகுதி மொத்தமும் சூடேற வேண்டும். துகள் போதவில்லையென்று புலத்தை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. உடம்பிலும் சுழல் மின்னோட்டம் ஓடும், துகள் இல்லாத இடத்திலும் சூடு தெரியும். தடித்த உடம்பென்றால் இன்னும் அதிகம்.

பக்க விளைவே இல்லை என்பதற்கு இரண்டு வரி போதும். இரும்பை உடம்பு மெதுவாகக் கரைத்துத் தன் இரும்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தங்கத்துக்கு அப்படிக் கரையும் வழியில்லை, கல்லீரலில் நீண்ட நாள் கிடக்கும்.

பவாய் ஐஐடியிலும் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இந்தத் துகள்களைச் செய்து, செல்களிலும் எலிகளிலும் பார்த்துவருகிறார்கள்; நல்ல வேலை நடக்கிறது. அதை வாய்ப் புற்றுக்கு வழக்கமான சிகிச்சை என்று யாராவது காசு கேட்டால், எந்த ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதித்த சோதனை, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். முறையாகப் பதிவான சோதனையில் பரிசோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் கறக்க மாட்டார்கள். அந்த வீடியோவையே போனில் வைத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடமும் காட்டலாம். கோபித்துக்கொள்ள மாட்டார், இதைவிட விநோதமானதெல்லாம் அவருக்கு தினமும் வரும்.

ஒரே ஒரு விஷயம், சூட்டைப் பற்றிப் பேசியதால் ஞாபகம் வந்தது. இதைப் படித்துவிட்டு வீட்டில் யாராவது பெரியப்பா கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கிளம்பிவிடப் போகிறார்கள். வேண்டாம். ஒத்தடத்தால் உள்ளே 43 டிகிரி ஏறாது, தோல்தான் வேகும். கரண்ட் வைக்கும் நாட்களில் அந்தத் தோல் ஏற்கெனவே புண்ணாக இருக்கும். வாய் கொப்பளிக்க உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் சொல்வார்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரண்டுக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். சொத்தைப் பல் இருந்தால் இப்போதே எடுத்துவிடுவார்கள். கரண்ட் வைத்த தாடையில் அப்புறம் பல் பிடுங்கினால் எலும்பு ஆறுவது பெரும்பாடு.